கசியாத குழாய்

என் வயிற்றில் ஒரு குழாய் போட வேண்டும். விஷயம் அவ்வளவுதான். போடுவதற்கு ஒரு டாக்டர் போதும். போடாமல் இருப்பதற்குத்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரி முழுவதும் தேவைப்பட்டது.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘மெதுவா மாமா’. வேகமாகப் போகச் சொல்லிக் கத்துவார்கள், நான் காதில் வாங்கிக்கொள்ள மாட்டேன். இப்படி நிதானமாகப் போய்க்கொண்டிருந்த என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொள்ளாமல் என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன.

இனிமேல் ரத்தத்தைச் சுத்தம் செய்ய இரண்டு வழி இருக்கிறது என்றார்கள். ஒன்று, வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து மெஷினோடு பிணைத்துக்கொண்டு காலைப்பொழுது முழுக்கப் படுத்துக் கிடப்பது. இன்னொன்று, வயிற்றுக்குள் மெல்லிய குழாய் ஒன்றைப் போட்டுவிட்டால், வீட்டிலேயே மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வெளியே வடித்துவிடலாம். அழுக்கெல்லாம் அதோடு போய்விடும். பஸ் எடுக்கும் முன்னால் ஒரு தடவை, பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து ஒரு தடவை என்று நம் வசதிக்குச் செய்துகொள்ளலாம். முதல் வழியில் போனால் பஸ் போச்சு. இரண்டாவதில் போனால் பஸ் உண்டு. யோசிக்க என்ன இருக்கிறது?

பள்ளிக்கூடத்துப் போக்குவரத்து மேலாளர் நல்ல மனிதர். “லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கிற வரைக்கும் உங்க சீட்டுல வேற யாரையும் உக்கார வைக்க மாட்டேன். அதுக்கு மேல என் கையில இல்ல. அதுக்குள்ள வந்துடுங்க” என்றார். குழாய் போட்டுப் புண் ஆற இரண்டு வாரம், பழகிக்கொள்ள ஒரு வாரம். நீண்ட லீவு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. தாராளமாக முடியும் என்று நானும் என் மனைவியும் கணக்குப் போட்டோம். எங்கள் கணக்கில் ஆஸ்பத்திரியைச் சேர்த்துக்கொள்ளாததுதான் நாங்கள் செய்த பிழை.

சிறுநீரகப் பிரிவு டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார்.

“சின்ன வேலைதாங்க. அந்த இடம் மரத்துப்போக ஊசி போடுவேன். அப்புறம் ஒரு ஊசியை உள்ள விட்டு, அது வழியா மெல்லிசா ஒரு கம்பி, கம்பியைப் பிடிச்சுக்கிட்டே குழாய். இதே ரூம்ல முடிச்சுடலாம்.”

“அப்ப நாளைக்கு வரட்டுமா டாக்டர்?” என்றாள் என் மனைவி. அவள் துணிக்கடையில் வேலை செய்கிறவள். ஆள் தயாராக இருக்கும்போதே வியாபாரத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

டாக்டர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். “போடலாம். ஆனா எந்த முறையில போடறதுன்னு ஆஸ்பத்திரி இன்னும் முடிவு பண்ணல. வேற முறையில போடற டாக்டருங்க ரெண்டு பேர் இருக்காங்க, அவங்களையும் பார்த்துட்டு வந்துடுங்க. பார்க்கலன்னா அவங்களுக்குக் கோபம் வரும்.”

முதலாமவர் அறுவைப் பிரிவின் தலைவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு என் வயிற்றை வாங்கப்போகிற நிலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பேனாவால் தொப்புளுக்குக் கீழே ஒரு கோடு கிழித்தார்.

“வயித்தைத் திறந்து, கண்ணால பார்த்து வைக்கணும். ஊசியைக் குத்தி வைக்கிறதெல்லாம் இருட்டுல சாவித் துவாரம் தேடற கதை. எங்க ஆசான் காலத்துலேர்ந்து நாங்க இப்படித்தான் வைக்கிறோம். அவர் ஒரு தடவைகூடத் தப்புப் பண்ணி நான் பார்த்ததில்ல. பார்த்தவங்க யாரும் இந்தப் பிரிவுல ரொம்ப நாள் இருந்ததும் இல்ல.”

அடுத்தவர் கேமரா வைத்து ஆபரேஷன் செய்கிறவர். முந்தையவர் போட்ட கோட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அதை அழித்துப் பார்த்தார், போகவில்லை. அதற்குப் பக்கத்தில் மூன்று புள்ளி வைத்தார்.

“திறந்து பார்த்தா என்ன தெரியும்? ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிற மாதிரி. நான் வயித்துக்குள்ள காத்தை நிரப்பி, கேமராவை விட்டேன்னா முழு வீடும் தெரியும். குழாயோட நுனி எங்க போய் உக்காந்திருக்குன்னு பெரிய திரையில பார்க்கலாம். திரை புதுசு. நீங்க கட்டாயம் பார்க்கணும்.”

“எனக்கு மயக்க மருந்து குடுத்திருப்பீங்களே டாக்டர்.”

“வீடியோ குடுப்போம்” என்றார்.

திரும்பி வந்து சிறுநீரக டாக்டரிடம் வயிற்றைக் காட்டினோம். அவர் தன் பங்குக்கு ஒரு வட்டம் போட்டார். “அவங்க ரெண்டு பேருக்கும் ஆபரேஷன் தியேட்டர் காலியாகணும், மயக்க மருந்து டாக்டர் வரணும். எனக்கு ஒண்ணும் வேண்டாம். கத்தி பிடிக்காதவன் டாக்டரே இல்லன்னு கேன்டீன்ல பேசறாங்களாம். அதுக்காகவாவது உங்களுக்கு நான்தான் போடணும்.”

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது என் மனைவி மூவருக்கும் பெயர் வைத்துவிட்டாள். கத்திக்காரர், கேமராக்காரர், ஊசிக்காரர். “எங்க கடைக்கும் வருவாங்க இந்த மாதிரி. எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுப் பார்ப்பாங்க, இதுல அது நல்லா இருக்கு, அதுல இது நல்லா இருக்கும்பாங்க. கடைசில ஒண்ணும் எடுக்காம எந்திரிச்சுப் போவாங்க” என்றாள். நான் சிரித்தேன். அப்போது என்னால் சிரிக்க முடிந்தது.

மூவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வர முடியாததால், மூன்று முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து எது மேல் என்று கண்டுபிடிக்க ஆஸ்பத்திரி ஒரு குழு போட்டது. அதற்குத் தலைவராக வந்தவர் நோயாளி ஒருவரைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஆகவே நடுநிலையானவர் என்று எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். அவர் போட்ட முதல் விதி: ஒப்பீடு முடியும்வரை யாரும் யாருக்கும் தன் இஷ்டத்துக்குக் குழாய் போடக்கூடாது. யாருக்கு எந்த முறை என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கும்.

என்னைப்போல் வயிற்றுக் குழாய்க்காகக் காத்திருந்தவர்களை எல்லாம் ஆஸ்பத்திரிக் கூட்ட அரங்குக்கு வரச்சொன்னார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“நோயாளிப் பெருமக்களே, இன்னையிலேர்ந்து உங்க வயிறு உங்களுக்கு மட்டும் சொந்தமில்ல. அது அறிவியலுக்கும் சொந்தம். சில ஊர்கள்ல என்ன எழுதியிருக்காங்கன்னா, மூணு முறையும் கிட்டத்தட்ட ஒண்ணுதானாம். பழகின கை எதுவோ அது போட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்குமாம். நானும் படிச்சேன். இப்படி ஒரு சாதாரண முடிவுக்கு வர்றதுக்கா நமக்கு இவ்வளவு பெரிய கட்டடம்?”

கைதட்டினார்கள். கத்திக்காரர் தட்டுவதைப் பார்த்ததும் கேமராக்காரர் தட்டுவதை நிறுத்தினார்.

குலுக்கலுக்கு ஒரு துணிப்பை. அதற்குள் கண்ணாடிக் குண்டுகள். நிறத்தைப் பொறுத்து முறை. எந்தப் பிரிவுக்கு எந்த நிறம் என்பதில்தான் சண்டை. சிவப்பு என்றால் ரத்தம் ஞாபகம் வரும், எங்களுக்கு வேண்டாம் என்றார் கத்திக்காரர். மஞ்சள் என்றால் சீழ், அதை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றார் கேமராக்காரர். பச்சையை மற்ற இருவரும் ஒதுக்கினார்கள் என்பதற்காகவே ஊசிக்காரர் மறுத்தார். யார் மனமும் புண்படக்கூடாது என்று தலைவர் மூன்றுக்கும் நீலத்தையே கொடுத்துவிட்டார். கத்திக்குக் கருநீலம், கேமராவுக்கு நடுநீலம், ஊசிக்கு வெளிர்நீலம்.

என் முறை வந்தது. பைக்குள் கையை விட்டு ஒரு குண்டை எடுத்தேன். நீலமாக இருந்தது.

“கருநீலம்” என்றார் கத்திக்காரர்.

“கண்ணைக் காட்டிக்கோங்க சார், இது நடுநீலம்” என்றார் கேமராக்காரர்.

ஊசிக்காரர் அதை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெயிலில் பிடித்தார். “வெளிச்சத்துல பாருங்க. வெளிர்நீலம்.”

குண்டை யார் எந்த விளக்கின் கீழ் பிடித்தாலும் அவரவர் நீலமாகத் தெரிந்தது. கண் பிரிவு டாக்டரை அழைத்துவந்தார்கள். அவர் உற்றுப் பார்த்துவிட்டு “நீலம்” என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் நிறம் பார்க்க ஒரு துணைக்குழு அமைத்து, என்னை வீட்டுக்குப் போய் இருக்கச் சொன்னார்கள்.

துணைக்குழு குண்டைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் என் கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் செருப்புக்குள் போகிற பாதம் சாயங்காலம் போகவில்லை. வாயில் இரும்பைச் சப்பிய ருசி. உடம்பெல்லாம் அரிப்பு. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. என் மனைவி வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள், போனோம். அங்கே இருந்த டாக்டர் என் பெயரைக் கேட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். “நீங்க அங்க ஒப்பாய்வுல இருக்கீங்களே. அவங்க விடுவிச்சாதான் நாங்க தொட முடியும்.” விடுவிக்கச் சொல்லித் தலைவரிடம் கேட்டோம். எந்தப் பிரிவிலிருந்து விடுவிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்கு நிறம் முடிவாக வேண்டும் என்றார். கிணறு வெட்டப் போனால் பூதம் கிளம்பும் என்பார்கள். எங்களுக்குக் கிணறே வெட்டாமல் பூதம் மட்டும் கிளம்பியது.

ஒருவழியாக நடுநீலம் என்று அறிவித்தார்கள். அதாவது கேமரா. நாள் குறித்தார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், போனேன். பச்சை உடுப்பை மாட்டிக்கொண்டு கட்டிலில் படுத்தேன். கேமராக்காரர் வரவில்லை. கேமரா முறையே சிறந்தது என்று ஒரு மாநாட்டில் பேசுவதற்காக வெளிநாடு போயிருந்தார். காட்டிப் பேச வசதியாகக் கேமராவையும் எடுத்துப் போயிருந்தார்.

சரி, வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தபோது பிளாஸ்டர் போடும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் சொன்ன நேரத்துக்கு வேலை செய்யும் ஒரே பிரிவு அதுதான். யாருக்கு எந்த முறையில் குழாய் போட்டது என்று பிறகு சோதிக்கிறவர்களுக்குத் தெரியக்கூடாதாம், தெரிந்தால் ஓரவஞ்சனை வந்துவிடுமாம். ஆகவே எல்லோருக்கும் மூன்று முறைக்கும் உரிய மூன்று இடங்களிலும் ஒரே மாதிரி பிளாஸ்டர் போட வேண்டும் என்று விதி.

“ஆபரேஷன் இன்னும் ஆகலைங்க” என்றேன்.

“அது எங்களுக்குத் தெரியக்கூடாதுங்க” என்று சொல்லி மூன்று இடத்திலும் அழுத்தி ஒட்டினார்கள். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் என் மனைவிக்கு முகம் மலர்ந்தது. “போட்டுட்டாங்களா? எங்கங்க குழாய்?” நான் நடந்ததைச் சொன்னேன். அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தேவைக்குமேல் சத்தமாகக் கழுவினாள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சிஸ்டர் தவறாமல் போன் செய்ய ஆரம்பித்தாள்.

“குழாய் வெளிய வர்ற இடத்துல சிவந்து, சீழ் கோத்து ஏதாவது இருக்கா சார்?”

“குழாய் வெளியவும் வரல, உள்ளயும் போகல சிஸ்டர்.”

“சீழ் இல்ல. சரி. தண்ணி கசியுதா?”

“தண்ணியே விடலையேம்மா.”

“கசிவு இல்ல. குழாய் அடைச்சுக்குதா? நுனி இடம் மாறிடுச்சா?”

“சிஸ்டர், ஆபரேஷனே பண்ணல. மேல பிளாஸ்டர் மட்டும்தான் இருக்கு.”

“அதெல்லாம் நீங்க எங்கிட்ட சொல்லக்கூடாது சார். எந்த முறையில பண்ணாங்கன்னு எனக்குத் தெரியக்கூடாது.”

“எந்த முறையிலயும் பண்ணலன்னுதான் சொல்றேன்.”

“பாருங்க, இப்ப எனக்குப் பாதி தெரிஞ்சு போச்சு” என்று வருத்தப்பட்டுக்கொண்டு, போனை வேறொரு சிஸ்டரிடம் கொடுத்தாள். அவள் சீழிலிருந்து ஆரம்பித்தாள்.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கியது. மேலாளர் போன் செய்தார். குரலில் சங்கடம் இருந்தது. “புதுசா ஒருத்தரை ரூட்டுப் பழகச் சொல்லியிருக்கேன். சும்மா ஒரு முன்னேற்பாடுதான். நீங்க வந்துட்டா நீங்கதான்” என்றார். அன்று என் மனைவி கடையில் பாதி நாள் விடுப்புக் கேட்டு நேராக ஒப்பாய்வுக் குழுத் தலைவர் அறைக்குப் போனாள். பின்னால் நானும் மூச்சு வாங்கிக்கொண்டே போனேன்.

“இவரு காலைப் பாருங்க சார். முகத்தைப் பாருங்க. யாராவது ஒருத்தர், ஏதாவது ஒரு முறையில போட்டு விடுங்க. எங்களுக்கு எதுவா இருந்தாலும் சம்மதம்.”

தலைவர் கனிவாகத்தான் பேசினார். “அம்மா, உங்க அவசரம் எனக்குப் புரியுது. ஆனா ஒருத்தருக்கு அவசரமா போட்டுட்டா அப்புறம் எடுக்க முடியாது.”

“போட்ட குழாயை ஏங்க எடுக்கணும்?”

“நான் புள்ளிவிவரத்துலேர்ந்து சொல்றேம்மா. இவ்வளவு நாள் பொறுமையா இருந்தவர் இப்ப நடுவுல குணமாகிட்டா எங்க ஒப்பீடு என்ன ஆகறது?”

வெளியே வந்து ஊசிக்காரரைப் பிடித்தோம். முதல் நாள் இதே அறையில் முடித்துவிடலாம் என்று சொன்னவர் ஆயிற்றே. யாருக்கும் தெரியாமல் போட்டுவிடுங்கள் என்று என் மனைவி கெஞ்சினாள். இருபது வருடத்தில் அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை, கடையில் முதலாளியிடம்கூட. பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ஊசிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “எனக்கும் மனசு கேக்கலம்மா. ஆனா நான் போட்டேன்னு தெரிஞ்சா, ஊசி முறை விதியை மீறிடுச்சுன்னு எழுதிடுவாங்க. முறைக்கே கெட்ட பேரு. ஒரு நோயாளிக்காக ஒரு முறையை விட்டுக்குடுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.”

எனக்கு அந்த நிமிடம் வந்த கோபத்தில் அவர் மேஜையைக் கவிழ்த்திருப்பேன். கவிழ்க்கிற அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை.

ஒப்பாய்வு முடிந்து, முடிவை அறிவிக்கப்போவதாகவும் நான் கட்டாயம் வர வேண்டும் என்றும் கார் அனுப்பினார்கள். கார் அனுப்பியதும் எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. முடிவு தெரிந்துவிட்டால் குழாய் போட்டுவிடுவார்கள் அல்லவா? என் மனைவி மாற்று உடுப்பு, துண்டு, பல்பொடி எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டு வந்தாள்.

அரங்கு நிரம்பியிருந்தது. வெளியூர் டாக்டர்களும் வந்திருந்தார்கள். தலைவர் திரையில் படங்களைக் காட்டினார். கத்தியால் போட்ட சிலருக்குத் தண்ணீர் கசிந்திருந்தது. கேமராவால் போட்ட சிலருக்குக் குழாயின் நுனி இடம் மாறியிருந்தது. ஊசியால் போட்ட சிலருக்கு அடைத்துக்கொண்டது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. இதைச் சொன்னபோது தலைவர் முகம் வாடியிருந்தது. அடுத்த படத்துக்குப் போனதும் தெளிந்தது.

“இந்த இடத்துலதான் எங்க குழுவோட கணக்கு நிபுணர் ஒரு கேள்வி கேட்டாங்க. நிறம் முடிவாகாதவங்க, டாக்டர் ஊர்ல இல்லாதவங்க, தியேட்டர் கிடைக்காதவங்கன்னு குழாய் போடாமலே நின்னுபோனவங்க கொஞ்சம் பேர் இருக்காங்களே, அவங்களை என்ன பண்றதுன்னு. விட்டுடலாம்னு நாங்களும் நினைச்சோம். ஆனா ஒரு நல்ல ஆராய்ச்சியாளன் யாரையும் கைவிட மாட்டான். அவங்களையும் ஒரு பிரிவா வச்சு எண்ணிப் பார்த்தோம்.” கொஞ்சம் நிறுத்தினார். “கசிவு இல்ல. சீழ் இல்ல. அடைப்பு இல்ல. நுனி இடம் மாறல. ரத்தப்போக்கு இல்ல. ஒருத்தருக்குக்கூட இல்ல. பெரியோர்களே, நாங்க மூணு முறையை ஒப்பிடப் போனோம். நாலாவது முறையைக் கண்டுபிடிச்சோம்.”

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கத்திக்காரரும் கேமராக்காரரும் ஊசிக்காரரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். தான் ஜெயிக்கவில்லையே என்ற வருத்தம் யாருக்கும் இல்லை, மற்ற இருவரும் ஜெயிக்கவில்லை. ஆபரேஷன் வெற்றி, ஆள் காலி என்று கேலியாகச் சொல்வார்களே, அதில் எப்போதும் ஆபரேஷன் என்று ஒன்றாவது நடந்திருக்கும்.

என்னை மேடைக்கு ஏற்றினார்கள். இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். சட்டையைத் தூக்கி, பிளாஸ்டர்களை ஒவ்வொன்றாகத் தலைவரே பிய்த்தார். என் வயிறு பெரிய திரையில் தெரிந்தது. திரை புதுசுதான்.

“பாருங்க. தழும்புகூட இல்ல.”

பின்வரிசையில் வெளியூர் டாக்டர் ஒருவர் கையைத் தூக்கினார். “அருமையான முடிவு. ஒரு சின்ன சந்தேகம். இந்த முறையில இவருக்கு டயாலிசிஸ் எப்படி நடக்குது?”

“நல்ல கேள்வி” என்றார் தலைவர். “ஆனா எங்க ஆய்வு குழாய் வைக்கிற முறையைப் பத்தினது. டயாலிசிஸ் அதோட வரம்புக்குள்ள வரல.”

கேட்டவர் திருப்தியோடு குறித்துக்கொண்டார். தலைவர் மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்து, உங்கள் அனுபவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார்.

“மூச்சு முட்டுது” என்றேன்.

“உணர்ச்சிவசப்படறார்” என்று கூட்டத்துக்கு விளக்கினார். அவர் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. மேடைப் பலகை எழுந்து வந்து என் முகத்தில் மோதியதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கேட்டது என் மனைவியின் குரல் மட்டும். அவள் அந்த அரங்கில் இருந்த எல்லோரையும் ஒரே மூச்சில் என்னவெல்லாமோ சொல்லித் திட்டினாள். எழுத முடியாது.

கண் விழித்தபோது அவசரப் பிரிவில் இருந்தேன். கழுத்தில் ஒரு குழாய் இருந்தது. பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்துக் குழாயைப் போட்டது யாரோ பணியிலிருந்த டாக்டராம். போகிறபோக்கில் வந்து போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாராம். அவர் எந்த நீலம் என்று யாரும் கேட்கவில்லை.

வயிற்றுக் குழாய் இனி எப்போது என்று கேட்டோம். ஆஸ்பத்திரி இப்போது புது முறைக்கு மாறிவிட்டது, இனி எல்லோருக்கும் நாலாவது முறைதான், நீங்கள் அதை ஏற்கெனவே பெற்றுவிட்டீர்கள் என்றார்கள். எங்களை ஒப்பாய்விலிருந்து விடுவிக்கவாவது செய்யுங்கள் என்றாள் என் மனைவி. விடுவிப்பதற்கு நான் ஒப்பாய்விலேயே இல்லையாம். அச்சான அறிக்கையைக் காட்டினார்கள். நாலாவது முறையின் வெற்றியை விவரிக்கும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘ஒருவர் மட்டும் சிறுநீரகக் கோளாறு காரணமாக ஆய்விலிருந்து நீக்கப்பட்டார்.’

இல்லாத ஒருவனுக்கு விடுதலைக் கடிதம் தர முடியாது என்றார்கள். கடிதம் இல்லாமல் வெளி ஆஸ்பத்திரி தொடாது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. என் பஸ்ஸை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார், நன்றாகவே ஓட்டுகிறாராம், சீக்கிரம் கொண்டுபோய் விடுகிறாராம். பள்ளி திறந்த அன்று காலையில் மெஷினோடு கிடந்தபடி நான் அழுதேன். என் மனைவி கண்ணைத் துடைத்துவிட்டு, கடைக்கு நேரமாகிறது என்று போனாள். வாரத்தில் மூன்று நாள் இங்கே வருகிறேன். அவளால் கடையிலிருந்து வர முடியாத நாட்களில் தனியாக வருகிறேன்.

நேற்றும் தனியாகத்தான் வந்தேன். வெளியே பெஞ்சில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தபோது, மரக்கடைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெளுத்த முகம். கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. ஆனால் ஆள் உற்சாகமாக இருந்தார்.

“எனக்கும் வயித்துக் குழாய்தான் அண்ணே சொல்லியிருக்காங்க. முதல்ல பயந்துட்டேன். அப்புறம் விசாரிச்சா இங்க நாலாவது முறைன்னு ஒண்ணு இருக்காமே. கத்தி கிடையாது, ஊசி கிடையாது, ஒரு சொட்டுக் கசிவு கிடையாதாம். கூட்டம் தாங்கலையாம். என் மச்சினன் ஒரு பெரிய ஆளைப் பிடிச்சுச் சிபாரிசு வாங்கி, எனக்கு நாலாவதுலயே இடம் போட்டுட்டான்.”

எனக்குக் கழுத்தில் குழாய் இழுத்தது. இருந்தாலும் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை, ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னேன். குண்டு, பிளாஸ்டர், மேடை, எல்லாம். இன்றைக்கே வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், உங்கள் பெயர் இவர்களிடம் ஏறுவதற்கு முன்னால் போய்விடுங்கள், யார் எந்த முறையில் போடுகிறேன் என்றாலும் வயிற்றைக் காட்டுங்கள் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். என் கழுத்தைப் பார்த்தார். வீக்கம் வடிந்த என் காலைப் பார்த்தார்.

“உங்களுக்கும் நாலாவது முறைதானா?”

“அதேதான்.”

கொஞ்சம் யோசித்தார். பிறகு மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டார். “தப்பா நினைக்காதீங்க அண்ணே. நீங்க ஒழுங்கா காத்திருக்கல போல.”

உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்ததும் அவர் வீங்கிய கால்கள் இரண்டையும் பெஞ்சில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒழுங்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்.